ஐஐடி பெண்கள் சேர்க்கை பற்றி ஒரு தகவல் படம்: டிசைன் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பிளஸ் டூ மாணவிகளுக்காக ஏ3 அளவில் ஒரு தகவல் படம் ஒட்டப் போகிறோம். கணக்கு கையில் இருக்கிறது, படம்தான் சரியாக அமையவில்லை.

2016-இல் ஐஐடிகளில் பி.டெக் சேர்ந்தவர்களில் பெண்கள் சுமார் 8 சதவீதம். அப்புறம் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கி 2018-இல் 14, 2019-இல் 17, 2020-இல் 20 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். கான்வாவில் பட்டை வரைந்து தங்கையிடம் காட்டினேன். "அப்போ பசங்க சீட்டைப் புடுங்கிட்டாங்களா?" என்றாள்.

சிக்கலே அதுதான். இந்தக் கூடுதல் இடங்கள் ஏற்கெனவே இருந்த இடங்களுக்கு மேல் சேர்த்தவை. சதவீதப் பட்டையிலோ ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. அதனால் நாற்காலிகளாக வரையலாமா? 100 நாற்காலியில் 8 பெண்கள். பக்கத்தில் பெண்களுக்கு 15 புதிய நாற்காலி போட்டால் 115-இல் 23, சரியாக 20 சதவீதம். ஆனால் 115 நாற்காலியும் ஏ3 தாளில் எறும்பு மாதிரி தெரிகின்றன.

மூலையில் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் லலிதாவின் சான்றிதழையும் வைக்க ஆசை. அதில் அச்சிட்டிருந்த 'ஹீ'யை அடித்துவிட்டுக் கையால் 'ஷீ' என்று எழுதியிருப்பார்கள். இடம் பத்துமா?

யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் எழுத்தெல்லாம் குப்பையாகிறது. தூரத்திலிருந்து படிக்க நல்ல யூனிகோட் எழுத்துரு சொல்லுங்கள். பிங்க் நிறம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.