டியூனர் பச்சை காட்டுது, ஆனா சி கார்டு மட்டும் இசையலை. கோளாறு விரலிலா, கிட்டாரிலா?

செக்காலைக்காரன்:
கிட்டார் இப்பத்தான் பழக ஆரம்பிச்சிருக்கேன். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக், விலை குறைஞ்ச ரகம். போன் டியூனர்ல ஆறு கம்பியும் பச்சை வர்ற வரைக்கும் முறுக்கிக்கிறேன். இ மைனர் கார்டு (பல கம்பி சேர்ந்து ஒலிக்கிற பிடி) பிடிச்சா நல்லாவே கேட்குது. சி, எஃப் பிடிச்சா சுருதி விலகின மாதிரி இருக்கு. சி-யில் முதல் கம்பி (எல்லாத்திலும் மெல்லிசானது) பாதி நேரம் "டொக்"குன்னு அமுங்கிப் போகுது. முதல் ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கோடு) அழுத்தினா விரல் உயிர் போகுது, அஞ்சாவது ஃப்ரெட் பக்கம் அவ்வளவு சிரமம் இல்லை. காரைக்குடியில் கிட்டார் பழுது பார்க்கிறவங்க யாரும் எனக்குப் பழக்கமில்லை. வீட்டிலேயே எதைப் பார்க்கணும்?

புதுவயல் பையன்:
எல்லாருக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் ப்ரோ. விரல் காய்ப்புக் காய்ச்சதும் தானா சரியாயிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
காய்ப்புக் காய்ச்சா வலி போகும் தம்பி, சுருதி எப்படிச் சேரும்? கேட்டவர் எழுதினதிலேயே பாதி விடை இருக்கு. இ மைனர்ல நாலு கம்பி திறந்தே ஒலிக்குது, அழுத்துற ரெண்டும் ரெண்டாவது ஃப்ரெட். சி-க்கும் எஃப்-க்கும்தான் முதல் ஃப்ரெட் வேணும். கோளாறும் வலியும் ரெண்டுமே அங்கதான்னா, முதல்ல நட்டைத்தான் சந்தேகப்படணும். தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ற வெள்ளைப் பட்டைதான் நட்.

இதைச் செஞ்சு பாருங்க. டியூனர்ல ஏ சுருதி 440 ஹெர்ட்ஸ்னு அமைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு, திறந்த கம்பிகளை எண்ணோட சேர்த்துச் சரிபாருங்க: ஆறாவது 82.4, அஞ்சாவது 110, நாலாவது 146.8, மூணாவது 196, ரெண்டாவது 246.9, முதல் கம்பி 329.6 ஹெர்ட்ஸ். பச்சையை மட்டும் நம்பாதீங்க, சில ஆப் ஸ்தாயி மாறினாலும் அதே எழுத்தைத்தான் காட்டும். எப்பவும் கீழே இருந்து மேலே முறுக்கி நிறுத்துங்க. தாண்டிட்டா நல்லா இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க, இல்லாட்டி கம்பி தளர்ந்து இறங்கிக்கிட்டே இருக்கும்.

அப்புறம் ரெண்டாவது கம்பியை முதல் ஃப்ரெட்ல, ஒலி வர்ற அளவுக்கு மட்டும் மெதுவா அழுத்துங்க. 261.6 வரணும். எத்தனை சென்ட் கூடுதல்னு குறிச்சுக்கங்க (ஒரு ஃப்ரெட்டுக்கு 100 சென்ட்). ஆறாவது கம்பியிலும் அதையே செய்யுங்க. பிறகு ரெண்டையும் 12-வது ஃப்ரெட்ல பாருங்க.

முதல் ஃப்ரெட்ல மட்டும் கூடுதல்னா நட் உயரம். 12-வதுல கூடுதல்னா கம்பி பழசாயிருக்கும், இல்லாட்டி சாடில் (உடல் பக்கம் கம்பிகள் உட்கார்ற பட்டை) பக்கம் கோளாறு. ரெண்டு இடத்திலும் சரியா இருந்து, கார்டு பிடிக்கும்போது மட்டும் விலகினா, நீங்க தேவைக்கு மேல அழுத்துறீங்கன்னு அர்த்தம்.

செக்காலைக்காரன்:
பார்த்துட்டேன் ஆச்சி. முதல் ஃப்ரெட்ல ரெண்டாவது கம்பி 24 சென்ட் கூடுதல், ஆறாவது 28. 12-வதுல ரெண்டுமே 5-க்குள்ள நிக்குது.

தேவகோட்டை ஆறுகம்பி:
அப்ப நட்டேதான். உறுதி செய்ய இன்னொரு சோதனை: கம்பியை மூணாவது ஃப்ரெட்ல அழுத்திக்கிட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. ஒரு ஏ4 தாள் கனம், அதாவது 0.1 மி.மீ. இருந்தாப் போதும். விசிட்டிங் கார்டு தாராளமா நுழைஞ்சா ரொம்ப உயரம்.

ஆனா நட் பள்ளத்தை ஆழமாக்க அரத்தைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி கழுத்து வளைஞ்சிருக்கான்னு பார்க்கணும். முதல் ஃப்ரெட்டையும் 14-வது ஃப்ரெட்டையும் ஒரே நேரத்துல அழுத்தி, ஏழாவதுல இடைவெளி பாருங்க. 0.2 முதல் 0.3 மி.மீ. சரி. கூடுதலா இருந்தா டிரஸ் ராடை (கழுத்துக்குள்ள இருக்கிற உலோகத் தண்டு) ஆலன் கீ போட்டு கடிகாரச் சுற்றில் கால் திருப்பு திருப்பி, சுருதி சேர்த்து, மறுநாள் அளங்க. ஒலித்துளைக்குள்ளயோ, தலையில் சின்ன மூடிக்கு அடியிலயோ அதோட முனை இருக்கும். பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. கீ பொருந்தும். இறுகி நின்னா பலம் காட்ட வேண்டாம்.

நட் பள்ளம் அறுக்க அந்தந்தக் கம்பி கனத்துக்கே அரம் வேணும். 12 செட்டுன்னா (கம்பி கனத்தை வெச்சு வர்ற பேர்) முதல் கம்பி 0.3 மி.மீ., ஆறாவது சுமார் 1.35. நம்ம ஊர் ஆசாரிமார் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனா ஆக்சா பிளேடால இழுக்க விட்டா முதல் ரெண்டு கம்பிக்கும் பள்ளம் அகலமாயி, கம்பி பக்கவாட்டுல நகரும். அரத்தைக் கையில குடுத்து, அளவையும் சொல்லிக் குடுங்க.

அரத்தைத் தலைப்பக்கமாச் சரிச்சுப் பிடிக்கணும். கம்பி கடைசியாத் தொடுற இடம் ஃப்ரெட் பலகை பக்கத்து ஓரமா இருக்கணும். சரிவு தலைகீழாப் போனா தம்புராவுக்கு ஜீவா நூல் வெச்ச மாதிரி இரைச்சல் வரும். மூணு இழுப்பு, கம்பியைப் போடு, சுருதி சேர், அள. திரும்ப மூணு இழுப்பு. ஆறு கம்பியையும் ஒரே மூச்சுல அறுத்துட்டு அளக்காதீங்க. கூடுதலா அறுபட்டா திறந்த கம்பி முதல் ஃப்ரெட்ல உரசி இரையும். பள்ளத்துல சமையல் சோடாத் தூள் ஒரு சிட்டிகை போட்டு, மேல சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டா கல்லாட்டம் இறுகும், மறுபடி அறுத்துக்கலாம்.

புதுவயல் பையன்:
சாடிலைத் தேய்ச்சா இன்னும் சுலபம் இல்லையா அண்ணே?

தேவகோட்டை ஆறுகம்பி:
அது வேற கணக்கு. சாடிலைத் தேய்ச்சா 12-வது ஃப்ரெட் பக்கம்தான் இறங்கும், அதுவும் தேய்ச்சதுல பாதி. அங்க 1 மி.மீ. இறங்க, சாடில்ல 2 மி.மீ. எடுக்கணும். முதல் ஃப்ரெட்டுக்கு அதனால பெருசா ஒண்ணும் ஆகாது. 12-வதுல ஆறாவது கம்பி 2.5 மி.மீ.க்கு மேல நின்னா மட்டும் அதைத் தொடலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
"டொக்"குன்னு அமுங்குறதுக்கு நட் காரணமில்லை, அது விரல்தான். ஆள்காட்டி விரல் படுத்து முதல் கம்பியைத் தொடுது. சி-க்கு மோதிர விரல் அஞ்சாவது கம்பி மூணாவது ஃப்ரெட், நடு விரல் நாலாவது கம்பி ரெண்டாவது ஃப்ரெட், ஆள்காட்டி ரெண்டாவது கம்பி முதல் ஃப்ரெட். கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால நடுவுல இருக்கட்டும், மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்க, விரல் தானா நிமிரும். நகம் நீண்டிருந்தா எதுவும் நடக்காது, இடது கையில ஒட்ட வெட்டிடுங்க. ஆறாவது கம்பியை மீட்டக் கூடாது. ஒவ்வொரு கம்பியாத் தட்டிப் பார்த்து, எது அமுங்குதோ அந்த விரலை மட்டும் திருத்துங்க.

சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களால வீணைக்குப் பேர்போன ஊர் காரைக்குடி, அதனால வீணை தொட்ட கைகளும் இதைப் படிக்கலாம். கிட்டார்ல விரல் ஃப்ரெட்டுக்கு மேல நிக்கக் கூடாது, ஒட்டிப் பின்னால நிக்கணும். கம்பியைப் பக்கவாட்டுல இழுக்கிற பழக்கம் கார்டு பிடிக்கையில சுருதியைக் கெடுக்கும்.

கானாடுகாத்தான் மருமகள்:
நடுவுல ஒரு சந்தேகம் ஆச்சி. கோயில்ல எங்க பெண்கள் குழு அஞ்சரைக் கட்டைச் சுருதியில பாடும். ஜி, சி, டி மூணும்தான் எனக்குத் தெரியும்.

பள்ளத்தூர் ஆச்சி:
அஞ்சு கட்டைன்னா ஜி. கேப்போவை (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துற கிளிப்) முதல் ஃப்ரெட்ல போட்டு அதே ஜி, சி, டி-யைப் பிடிங்க, அஞ்சரை வந்துடும். ஃப்ரெட்டை ஒட்டிப் போட்டு, போட்டதும் சுருதியைச் சரிபாருங்க. நாலரை கேட்டா டி-யை ஆதாரமா வெச்சு நாலாவது ஃப்ரெட்ல கேப்போ. அப்ப டி, ஜி, ஏ வேணும், ஏ ஒண்ணைக் கூடுதலாக் கத்துக்கங்க.

செக்காலைக்காரன்:
விசிட்டிங் கார்டு ஆடிக்கிட்டே நுழையுது அண்ணே. ஏழாவதுல 0.25, கழுத்து சரியாத்தான் இருக்கு. அரம் வர்ற வரைக்கும் எப்படிப் பழகுறது? கிட்டாரை எங்க வைக்கிறது?

தேவகோட்டை ஆறுகம்பி:
அது வரைக்கும் ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டுப் பழகுங்க. கேப்போ போட்டா நட் கணக்கிலேயே இல்லை, சுருதியும் சேரும், விரலும் பிழைக்கும். அடுத்த தடவை கம்பி மாத்தும்போது 10 செட் (இன்னும் மெல்லிசு) போடுங்க, அழுத்த இன்னும் இலகு. ஆனா பள்ளத்தை எந்த செட்டுக்கு அறுக்கப்போறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணி அதைப் போட்டுட்டு அறுங்க.

வைக்கிற இடம்: ஆத்தங்குடிக் கல் பாவின தரையில சுவரோரமாச் சாய்ச்சா வழுக்கி விழும், ரப்பர் கால் வெச்ச ஸ்டாண்டு வாங்குங்க. பழைய வீட்டு முட்டைச் சுண்ணாம்புச் சுவர்ல ஆணி அடிக்க யாரும் விட மாட்டாங்க, அடிக்கவும் வேண்டாம். முற்றத்து வெயில் படுற இடமும் மேல்மாடித் தகரக்கூரை அறையும் ஆகாது. சித்திரை வெக்கையில மூடின காருக்குள்ள விட்டா பிரிட்ஜ் (சாடில் பதிஞ்ச கட்டை) பசை இளகிப் பெயர்ந்துடும். ஐப்பசி அடைமழையில மேல்பலகை ஈரம் குடிச்சு உப்பும், கம்பியும் மேல ஏறும். அப்ப அளந்த அளவை வெச்சு எதையும் தேய்க்காதீங்க, மழை விட்டதும் மறுபடி அளங்க.