வள்ளியூர் 'ஊர்' என்று முடியவில்லையாம்: சொல்லின் கடைசியைத் தேடிய அனுபவங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து:

சனிக்கிழமை சாயந்திரம் பிளஸ் டூ பிள்ளைகள் எட்டுப் பேருக்குப் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் சரங்கள் பாடம், அதாவது நிரலில் எழுத்துகளைக் கோத்து வைக்கும் ஸ்ட்ரிங். ஒரு சரம் எதில் முடிகிறது என்று பார்க்க 'எண்ட்ஸ்வித்' இருக்கிறது. ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும், அவ்வளவுதான். பாடப் புத்தகத்தில் எல்லாம் ஆங்கிலச் சொல். நம்ம ஊர்ப் பேரையே வைத்துச் செய்வோமே என்று, ஆளுக்கு நாலு ஊர் எழுதச் சொன்னேன். வள்ளியூர், வீரவநல்லூர், மானூர், கூடங்குளம், பணகுடி, திசையன்விளை, கல்லிடைக்குறிச்சி என்று பலகை நிறைந்துவிட்டது.

"இதுல 'ஊர்'னு முடியுறதை மட்டும் எடுங்க" என்றேன். ஓட்டினார்கள். ஒன்றுகூட வரவில்லை. வீரவநல்லூரிலிருந்து வருகிற பிள்ளை, "சார், எங்க ஊரையே காணோமே" என்றாள்.

எனக்கும் உடனே பிடிபடவில்லை. எழுத்துப்பிழை இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம், பிழை இல்லை. பிறகு 'வள்ளியூர்' என்ற சொல்லை ஃபார் லூப்பில் விட்டு, உள்ளே இருப்பதை வரிக்கு ஒன்றாக அச்சிட்டுப் பார்த்தோம். நம் கண்ணுக்கு வ, ள், ளி, யூ, ர் என்று 5 எழுத்து. திரையில் வந்தது 9 வரி. வ, ள, ஒரு புள்ளி, ள, இகரக் கொக்கி, ய, ஊகாரக் குறி, ர, இன்னொரு புள்ளி. எழுத்துக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழ் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. 'ளி', 'யூ' போன்ற உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. 'வ', 'ள' போன்ற அகர எழுத்துக்கு ஒன்று, அதன்மேல் ஏறும் குறிக்கோ புள்ளிக்கோ இன்னொன்று. சொல்லின் முதலில் வரும் 'ஊ' வேறு எண், 'யூ'வில் ஒட்டியிருக்கும் குறி வேறு எண். நாம் கேட்டது முதலாவதை. வள்ளியூரில் இருப்பது இரண்டாவது. கணினி சொன்ன பதிலில் தப்பே இல்லை.

நன்னூல் படித்த பிள்ளைகளுக்கு இது நொடியில் புரிந்தது. வள்ளி, ஊர் இரண்டும் சேரும்போது யகர உடம்படுமெய் வந்து ஊகாரம் அதில் ஏறிக்கொள்கிறது என்று ஒருத்தன் தமிழ் வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னான். அந்தக் குறியை மட்டும் தனியாகத் தட்டச்சு செய்வது சிரமம். அதனால் 'யூர்' என்று எழுதி, முதல் துண்டான 'ய'வை வெட்டிவிட்டு மிச்சத்தை எண்ட்ஸ்வித்துக்குக் கொடுத்தோம். வள்ளியூர், வீரவநல்லூர், மானூர் மூன்றும் வந்தன.

அதே நாளில் இன்னொன்று. ஒரு பையன் எண்ட்ஸ்வித் வேண்டாம் என்று, சரத்தின் [-1] இடத்தை, அதாவது கடைசித் துண்டை எடுத்து 'ம்' என்பதோடு ஒப்பிட்டான். கூடங்குளம் கிடைக்கவில்லை. [-1] தருவது வெறும் புள்ளியை. 'ம்' என்பது இரண்டு துண்டு. ஒரு துண்டும் இரண்டு துண்டும் எந்தக் காலத்திலும் சமமாகாது. எண்ட்ஸ்வித் கேட்டிருந்தால் வந்திருக்கும், ஏனென்றால் கொடுத்த சரத்தின் நீளத்துக்குத் தக்கபடி அதுவே கடைசியிலிருந்து ஒப்பிடும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சரம் சொல்லிக்கொடுக்கும்போது தமிழ்ச் சொல்லை முதல் நாளே வைக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், வகுப்பில் எடுத்துச் சொல்வேன்.

நெல்லை டவுனிலிருந்து:

அண்ணாச்சி, நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். தை முகூர்த்தம் நெருங்கும்போது அழைப்பிதழுக்கு முகவரிப் பட்டியல் டெக்ஸ்ட் ஃபைலாக வரும். ஊர்வாரியாகக் கட்டு கட்டணும். கையால் பிரித்தது போதும் என்று பைத்தான் படித்தேன். 'குறிச்சி' என்று முடிகிற வரிகளைக் கேட்டேன். முப்பதுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று வந்தது. அது ஃபைலின் கடைசி வரி.

அந்தக் 'கடைசி வரி'தான் துப்பு. மற்ற வரி ஒவ்வொன்றின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவு ஒன்று ஒட்டியிருக்கும். கடைசி வரிக்குப் பிறகு யாரும் எண்டர் தட்டவில்லை, அதனால் அது தப்பித்தது. வரியின் கடைசியில் உள்ள வரிமுறிவு, இடைவெளியை நீக்கும் ஆர்ஸ்ட்ரிப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் பெரிய அடி. ஆர்ஸ்ட்ரிப் கடைசியில் இருப்பதை நீக்கும் என்று மனசில் பதிந்துபோச்சு. கட்டுச் சீட்டில் சுருக்கமாக அடிக்கலாமே என்று, 'குறிச்சி'யை அதற்குள் கொடுத்தேன். கல்லிடைக்குறிச்சி 'கல்லிடை' என்று வந்தது, நாம எல்லாரும் வாயால் சொல்லுத மாதிரியே. அதில் ஏமாந்துட்டேன். ஆழ்வார்குறிச்சி 'ஆழ்வார' என்று வந்திருக்கு, ரகரத்தின் புள்ளியே போச்சு. இருபது சீட்டு அடித்த பிறகுதான் பார்த்தேன்.

ஆர்ஸ்ட்ரிப் 'குறிச்சி'யை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. அதில் உள்ள க, ற, ச, உகரக் குறி, இகரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டுக்கொண்டு, கடைசியிலிருந்து அந்தக் கூடையில் இருப்பது எது வந்தாலும் உதிர்த்துக்கொண்டே போகும். கல்லிடைக்குறிச்சியில் 'க்'கும் சேர்ந்து உதிர்ந்தது, தற்செயலாக நல்லதாப் போச்சு. ஆழ்வாரில் ஒரு புள்ளி சேர்ந்து உதிர்ந்தது. சொல்லாகவே நீக்க 2020-ல் வந்த பைத்தான் 3.9-இல் 'ரிமூவ்சஃபிக்ஸ்' இருக்கு. அதில் 'கல்லிடைக்' என்று ஒற்று நிற்கும், அதைத் தனியாப் பார்த்துக்கணும். ஆனா ஆழ்வார் முழுசா இருப்பார்.

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்க ஊர்ப் பேரிலேயே எனக்கு நடந்தது. 'கோட்டை' என்று முடிகிற ஊர்களைக் கேட்டால் செங்கோட்டை வருகிறது, பாளையங்கோட்டை வரவில்லை. வரிமுறிவு இல்லை, கடைசியில் இடைவெளியும் இல்லை. செங்கோட்டையை நான் தட்டச்சு செய்தேன், பாளையங்கோட்டை ஒரு பிடிஎஃபிலிருந்து ஒட்டியது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். 'யூனிகோட்டேட்டா' தொகுப்பில் உள்ள நார்மலைஸ் மூலம் இரண்டு பக்கத்தையும், பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு சரியானது. பட்டியலை மட்டும் மாற்றினால் போதாது, தேடும் சொல்லையும் மாற்றணும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

ரெண்டு பேருக்கும் நன்றி. இந்த வாரம் பாளையங்கோட்டைக்காரர் சொன்னதை வகுப்பில் செய்து பார்த்தோம். ஒரு 'கோட்டை'யை விசைப்பலகையில் அடித்தோம், இன்னொன்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்துச் சேர்த்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, எது எது என்று பிள்ளைகளைக் கேட்டேன். யாராலும் சொல்ல முடியவில்லை. வீரவநல்லூர்ப் பிள்ளை எழுந்து வந்து, எத்தனை துண்டு என்று எண்ணும் 'லென்' போட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 7.