கேவியோலின்-1 நல்லதா கெட்டதா? யாராவது விளக்குங்கள்

வணக்கம். வியாசர்பாடியில் இருந்து எழுதுகிறேன், எம்எஸ்சி உயிர்வேதியியல். ரத்தக் குழாயின் உள்வரிச் செல்கள் பற்றி அடுத்த வாரம் செமினார். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

1980-இல் அமெரிக்க விஞ்ஞானி ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியில் காட்டியது புரிகிறது. உள்வரி இருந்தால் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள் குழாயைத் தளர்த்தும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்த்தாது. காரணம் நைட்ரிக் ஆக்சைடு, 1998-இல் நோபல். சரி. அதைத் தயாரிக்கும் ஈநாஸ் நொதியை, செல் சவ்வின் குட்டிக் குழிகளில் இருக்கும் கேவியோலின்-1 புரதம் தாழ்ப்பாள் போட்ட மாதிரி அடக்கி வைக்கிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறினால், அதைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதம் வந்து நொதியை விடுவிக்கிறது.

அப்படியானால் கேவியோலின் இல்லாத சுண்டெலிக்கு நைட்ரிக் ஆக்சைடு கூடி நல்லதுதானே நடக்க வேண்டும்? தமனியில் கொழுப்புப் படிவது குறைகிறது, ஆனால் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறிவிடுகிறது! மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்துடன் சேர்ந்து, செல்லைச் சேதப்படுத்தும் பெராக்சிநைட்ரைட் ஆவதுதான் முழுக் காரணமா?

அப்புறம் காக்ஸ்-2. அழற்சி நொதி என்று திட்டுகிறோம், ஆனால் குழாயைக் காக்கும் புரோஸ்டாசைக்ளினுக்கும் அது வேண்டும். அந்த நொதியை அடக்கிய வயாக்ஸ் என்ற வலி மாத்திரையை மாரடைப்பு அபாயத்தால் 2004-இல் திரும்பப் பெற்றார்கள். கேவியோலின் காக்ஸ்-2 நொதியையும் கட்டுப்படுத்துகிறதா?

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிப் பக்கம் மருந்தியல் பிஜி படிக்கும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால் ஒரு வாய்ஸ் நோட் போதும். நேரில் என்றால் மாலை ஆறுக்கு மேல் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன். டீ என் செலவு.