புதுப்பிப்பு: எட்டு நோடும் எழுந்துவிட்டன

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் ஆய்வகத்தின் 8 நோடுகளை (ஒன்றாக இணைத்த கணினிகளை) அன்சிபிள் (பல கணினிகளை ஒரேயடியாக அமைக்கும் கருவி) வழியாக, வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்லர்ம் மென்பொருளில் சேர்த்தும், இரண்டு மட்டும் 'டவுன்' (இயங்கவில்லை) என்றே நிற்பதாகப் போன வாரம் கேட்டிருந்தேன். நோடுகள் ஒன்றையொன்று நம்புவதற்குச் சான்று தரும் மஞ்ச் சேவையின் சாவிக் கோப்பைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், எட்டிலும் ஒரே சாவிதான், அனுமதியும் 0400 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்).

கோளாறு கடிகாரத்தில். கரண்ட் போய் வந்ததும் அந்த இரண்டும் பழைய தேதிக்குப் போயிருந்தன. மதர்போர்டில் காசு அளவு இருக்கும் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது! மஞ்ச் தரும் சான்று வழக்கமாக 300 விநாடிதான் செல்லும். நேரம் அதற்கு மேல் விலகினால் கண்ட்ரோலர் (ஸ்லர்மின் தலைமைக் கணினி) ஏற்காது. பேட்டரி மாற்றி, அன்சிபிளின் பிளேபுக்கில் (வேலைகளின் வரிசைப் பட்டியல்) நேரத்தைச் சரிசெய்யும் குரோனியை மஞ்சுக்கு முன்னால் வைத்தேன்.

ஸ்லர்ம் அமைப்புக் கோப்பில் நோடுகளின் நினைவக அளவையும் இனி கையால் எழுதுவதில்லை, 'ஸ்லர்ம்டி -சி' என்ற கட்டளை காட்டுவதையே எடுக்கிறேன்.

நேரத்தைப் பாருங்கள் என்ற கடலூர் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எட்டும் 'ஐடில்' (வேலைக்குத் தயார்).