கெக் பியருக்கான சிலிண்டர்: சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

புதுப்பீப்பாய்:
வீட்டில் தயாரிக்கும் பியரைப் புட்டிகளில் அடைப்பதை நிறுத்திவிட்டு 19 லிட்டர் கெக்குகளுக்கு (அழுத்தத்தைத் தாங்கும் உலோகப் பீப்பாய்களுக்கு) மாறியிருக்கிறேன். மாதத்திற்கு ஒரு கெக் என்பதே என் அளவு. கெக், ரெகுலேட்டர், குழாய்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன; கரியமில வாயு சிலிண்டர் மட்டுமே பாக்கி. 2.5 கிலோ வாயு கொள்ளும் அலுமினியச் சிலிண்டர் ஒன்றை விலைக்கு வாங்கலாம், அல்லது 6 கிலோ கொள்ளும் எஃகுச் சிலிண்டரை ஆண்டு வாடகைக்கு எடுக்கலாம். வாங்கும் விலை ஏறக்குறைய நான்கு ஆண்டு வாடகைக்குச் சமமாக வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
வாங்குங்கள். நீங்கள் சொன்ன எண்களே விடையைச் சொல்லிவிடுகின்றன. ஐந்தாம் ஆண்டிலிருந்து உங்கள் சிலிண்டருக்கு வாடகை என்று எதுவும் இல்லை; வாடகைச் சிலிண்டருக்கோ நீங்கள் இந்தப் பொழுதுபோக்கை விடும் நாள்வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. நொதித்து முடிந்த பியரில் ஏற்கெனவே ஓரளவு வாயு கரைந்திருக்கும் என்பதால், 19 லிட்டரை வழக்கமான 2.5 பங்கு அளவுக்கு (ஒரு லிட்டர் பியரில் 2.5 லிட்டர் வாயு கரைந்த நிலைக்கு) கொண்டுவர ஏறத்தாழ 60 கிராம் வாயு போதும். அந்தப் பியரைக் குளிர்ந்த நிலையில் 0.8 பார் அழுத்தத்தில் குழாய் வழியாக முழுவதும் வெளியே தள்ள இன்னும் 65 கிராம் அளவுக்குச் செலவாகும். காலிக் கெக்கிலிருந்து காற்றை விரட்டுவது, இணைப்புகளைக் கழற்றி மாட்டும்போது வீணாவது ஆகியவற்றையும் சேர்த்து ஒரு கெக்குக்கு 200 கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2.5 கிலோ சிலிண்டர் 12 கெக்குகளுக்கு, அதாவது உங்கள் வேகத்தில் ஓர் ஆண்டுக்கு வருகிறது. 6 கிலோ சிலிண்டர் இரண்டரை ஆண்டுகள் அசையாமல் நிற்கும். வாயு எடைக்கணக்கில் தீர்கிறது, வாடகை நாள்கணக்கில் ஏறுகிறது; மெதுவாகப் பயன்படுத்துபவருக்கு இந்தப் பொருத்தமின்மை எப்போதும் நட்டமே.

வால்வடி:
கணக்குப்பிள்ளை அவர்களின் கூட்டல் சரி. ஆனால் கூட்ட வேண்டிய இரண்டு தொகைகளை அவர் விட்டுவிட்டார். வாயுச் சிலிண்டர்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலாவது, நீரழுத்தச் சோதனை. கரியமில வாயு சிலிண்டரைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் சோதித்து, தேதியை அதன் தோளில் (வால்வுக்குக் கீழே வளையும் மேற்பகுதியில்) முத்திரையிட வேண்டும். சில நாடுகளில் இது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, சிலவற்றில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. முத்திரை காலாவதியானால் பொறுப்புள்ள எவரும் நிரப்பித் தர மாட்டார்கள். வாடகைச் சிலிண்டரில் இந்தச் செலவும் அலைச்சலும் முழுக்க முழுக்க உரிமையாளரான நிறுவனத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது, நிரப்பும் கட்டணம். சிறிய சிலிண்டரை நிரப்புவதற்கும் பெரியதை நிரப்புவதற்கும் வேலை ஒன்றுதான்: எடை பார்க்க வேண்டும், வால்வைச் சோதிக்க வேண்டும், இணைத்து நிரப்பி மறுபடியும் எடை பார்க்க வேண்டும். ஆகவே சிறிய சிலிண்டரில் ஒரு கிலோ வாயுவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை பெரியதில் கொடுப்பதைவிடப் பல மடங்காக இருப்பது வழக்கம். நான்கு ஆண்டில் விலை ஈடாகிவிடும் என்பவர், அந்த நான்கு ஆண்டுகளில் நான்கைந்து முறை நிரப்பும் கூலியையும் ஒரு சோதனைக் கட்டணத்தையும் எந்தக் கணக்கில் எழுதுவார்?

கணக்குப்பிள்ளை:
எழுதினாலும் விடை பெரிதாக மாறாது. சோதனை ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் செலவு. வாடகை ஒவ்வோர் ஆண்டும் வருவது. நிரப்பும் கூலி பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அது சிறிய சிலிண்டருக்கு எதிரான வாதமே தவிர, சொந்தச் சிலிண்டருக்கு எதிரானது அன்று. ஐந்து கிலோ சிலிண்டரைச் சொந்தமாக வாங்குவதை யார் தடுத்தார்கள்?

மெதுநுரை:
இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சிலிண்டர் எங்கே நிற்கப்போகிறது என்று யாரும் கேட்கவில்லையே. ஒரு கிலோ கரியமில வாயு அறை வெப்பத்தில் அரைக் கன மீட்டருக்குச் சற்று அதிகமாக விரியும். 6 கிலோ முழுவதும் கசிந்தால் 3.3 கன மீட்டர். மூன்று மீட்டர் நீள அகலமும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள மூடிய அறையின் கொள்ளளவு 24 கன மீட்டர்தான். காற்றில் 13 விழுக்காடு அளவுக்கு அது போகக்கூடும். பத்து விழுக்காட்டைத் தாண்டினால் மனிதர் சில நிமிடங்களில் நினைவிழப்பார். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் அது தரையோடு தேங்கும்; நிலவறையில் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதே அறையில் 2.5 கிலோ கசிந்தால் அளவு 5.5 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். தலைவலியும் மூச்சுத்திணறலும் எச்சரிக்கும், வெளியேற நேரம் இருக்கும். மாதம் ஒரு கெக் எடுப்பவருக்குப் பெரிய சிலிண்டர் தேவையே இல்லை என்பேன், அது சொந்தமானாலும் வாடகையானாலும்.

வால்வடி:
இது நியாயமான எச்சரிக்கை. எந்த அளவானாலும் சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், சுவரோடு சங்கிலியால் கட்டப்பட வேண்டும், அறையில் காற்றோட்டம் வேண்டும், வாயு அளவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் இருப்பது நல்லது.

ஆனால் கசிவைப் பற்றிப் பேசும்போது அன்றாடத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். இணைப்பில் ஒரு தேய்ந்த வாஷர் இருந்தால் போதும், 2.5 கிலோ சிலிண்டர் ஓரிரு இரவுகளில் காலியாகிவிடும். அதை அழுத்தமானி முன்கூட்டிக் காட்டாது. சிலிண்டருக்குள் வாயுவின் பெரும்பகுதி அழுத்தத்தால் திரவமாக இருக்கும்; அந்தத் திரவம் இருக்கும்வரை 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 57 பார் என்றே முள் நிற்கும். பாதிக்கு மேல் தீர்ந்தாலும் அதே 57தான். திரவம் முடிந்த பிறகுதான் முள் சரியத் தொடங்கும், அப்போது மிஞ்சியிருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரிய சிலிண்டரில் இழப்பைத் தாங்கும் கையிருப்பு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கசிவைத் தாங்க அதிக வாயு வைத்திருப்பது, ஓட்டைப் பாத்திரத்துக்குப் பெரிய பாத்திரம் வாங்குவதைப் போன்றது. சோப்பு நீரைத் தெளித்துக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள், பயன்படுத்தாதபோது வால்வை மூடுங்கள், மாதம் ஒருமுறை சிலிண்டரைத் தராசில் வையுங்கள். காலி எடை தோளிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கழித்தால் மீதி வாயு. இதற்காக வாடகை கட்ட வேண்டியதில்லை.

குளிர்பெட்டி:
இரண்டையும் சேர்த்தால் என்ன? பெரிய சிலிண்டரை வாடகைக்கு எடுத்து, அதைத் தலைகீழாக வைத்து, சொந்தச் சிறிய சிலிண்டருக்கு வீட்டிலேயே மாற்றி நிரப்பிக்கொள்ளலாம். பழைய தீயணைப்பான் சிலிண்டரும் மலிவாகக் கிடைக்கிறது, அதையும் பயன்படுத்தலாமே.

வால்வடி:
தயவுசெய்து இரண்டையும் செய்ய வேண்டாம். இந்தச் சிலிண்டர்கள் விளிம்புவரை நிரப்பப்படுவதில்லை. கொள்ளக்கூடிய நீரின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே வாயு ஏற்றப்படுகிறது, மீதி இடம் திரவம் விரிவதற்கு. வீட்டில் தராசு இல்லாமல் மாற்றினால் இந்த வரம்பு எளிதில் மீறப்படும். திரவம் முழுவதுமாக நிரம்பிய சிலிண்டர் கொஞ்சம் சூடேறினாலும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறி, வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு வெடித்து, வாயு முழுவதும் பீறிட்டு வெளியேறும். தகடு தன் வேலையைச் செய்யாவிட்டால் நடப்பதை விவரிக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தங்களும் இதை அனுமதிப்பதில்லை.

தீயணைப்பானில் அடிவரை செல்லும் குழாய் இருக்கும். அது ஆவியை அல்ல, திரவத்தை வெளியே தள்ளும். அத்திரவம் ரெகுலேட்டருக்குள் போனால் அது உறைந்து கெட்டுப்போகும்.

குளிர்பெட்டி:
புரிகிறது, இந்த யோசனையைக் கைவிடுகிறேன். அப்படியென்றால் சொந்தச் சிலிண்டரைக் கொடுத்து, நிரப்பிய வேறொன்றை வாங்கிக்கொள்ளும் மாற்றுமுறை பற்றி என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
அதில் ஒரு வசதியும் ஒரு வருத்தமும் உண்டு. வரிசையில் நிற்க வேண்டாம். சோதனைத் தேதியைப் பற்றிய கவலையும் பெரும்பாலும் கடைக்காரருடையது. ஆனால் பளபளப்பான புதிய அலுமினியச் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு, பெயின்ட் உரிந்த கனமான எஃகுச் சிலிண்டரோடு திரும்ப நேரிடலாம். அந்த வழியில் போவதென்றால் முதலில் வாங்குவதே மலிவான பழைய சிலிண்டராக இருக்கட்டும்.

வால்வடி:
இப்போது நண்பரே என் பக்கம் வந்துவிட்டார். மாற்றுமுறையில் எந்தச் சிலிண்டரும் உங்கள் கையில் நிலைப்பதில்லை என்றால், நீங்கள் வாங்கியது சிலிண்டரை அன்று, மாற்றிக்கொள்ளும் உரிமையை. பல நிறுவனங்கள் அதையே ஆண்டு வாடகை இல்லாமல், திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகைக்குத் தருகின்றன. வைப்புத்தொகை முறை கிடைக்குமிடத்தில் வாங்கும் வாதம் பாதி விழுந்துவிடும். நாடு விட்டு நாடு போக வாய்ப்புள்ளவர்களுக்கு மீதிப் பாதியும் விழும், ஏனெனில் வால்வின் திருகுமுறையே மாறுகிறது: வட அமெரிக்காவில் சி.ஜி.ஏ. 320, ஜெர்மனியில் டபிள்யூ 21.8.

கணக்குப்பிள்ளை:
பாதி விழாது. வைப்புத்தொகை எத்தனை ஆண்டுகளுக்குள் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அதற்கு மறுபெயர் வாடகை. மேலும் அந்த நிறுவனத்தின் சிலிண்டரை அந்த நிறுவனமே நிரப்ப வேண்டும். அவர்கள் வாயு விலையை ஏற்றினால் நீங்கள் வேறு கடைக்குப் போக முடியாது. சொந்தச் சிலிண்டர் வைத்திருப்பவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

வால்வடி:
எங்கு வேண்டுமானாலும் என்பது, வெளியாரின் சிலிண்டரை நிரப்பித் தரும் இடங்கள் பல இருந்தால்தான் உண்மை. பல நிறுவனங்கள் தங்கள் சிலிண்டரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. புதுப்பீப்பாய், வாங்குவதற்கு முன் நிரப்புபவரிடம் நேரில் கேளுங்கள்: என் சிலிண்டரையே நிரப்பித் தருவீர்களா, எத்தனை நாளாகும், குடிக்கும் பானத்திற்கு உரிய தரமுள்ள வாயுவா?

புதுப்பீப்பாய்:
கேட்டுவிட்டேன். என் சிலிண்டரையே, காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பித் தருகிறார்கள். பானத்திற்கான தர வாயுதான். வைப்புத்தொகை முறையும் உண்டு, தொகையில் கழிவு கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆனால் குறைந்த அளவே 6 கிலோ. விற்பனைக்குள்ள அலுமினியச் சிலிண்டரின் தோளையும் பார்த்தேன். புதியது என்று சொன்னார்கள். முத்திரைத் தேதியோ நான்கு ஆண்டுகளுக்கு முந்தையது. இங்கே சோதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் அது பயன்படுத்தப்படாததாக இருந்தாலும், நீங்கள் வாங்குவது ஐந்து ஆண்டு தவணையில் ஓர் ஆண்டு மட்டுமே. ஓர் ஆண்டில், அதாவது இரண்டாவது முறை நிரப்பப் போகும்போதே, சோதனைக் கட்டணம் கேட்பார்கள். புதிய சோதனை முத்திரையோடு தரச் சொல்லுங்கள், அல்லது அந்தக் கட்டணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் வாங்குங்கள்.

மெதுநுரை:
ஒத்துக்கொள்ளாவிட்டாலும் 6 கிலோவை எடுத்துப் படுக்கையறை அலமாரியில் வைக்க வேண்டாம்.

வால்வடி:
ஒத்துக்கொள்ளாவிட்டால் வைப்புத்தொகை முறைக்குப் போங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். ஒப்பந்தத்தில் கழிவு இல்லை என்பது எழுத்தில் இருக்கும்போது, கணக்குப்பிள்ளை அவர்களுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது என நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஒரே ஓர் ஆட்சேபம் உண்டு: சிலிண்டர் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ எவ்வளவு தண்டம் என்ற பத்தியையும் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.