மறு: ஹைட்ரோலாக்குக்குத் தமிழ்ச் சொல் – பூட்டு வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

பழைய பைக் வாங்குபவர்களுக்காக எழுதும் கட்டுரைக்குச் சொல் கேட்டு நண்பர் அனுப்பிய பட்டியலில் பதினேழு சொற்கள் இருந்தன. மற்றவை பெரும்பாலும் சத்தமில்லாமல் முடிந்துவிட்டன. ஹைட்ரோலாக், அதாவது இன்ஜின் சிலிண்டருக்குள் பெட்ரோலோ தண்ணீரோ தேங்கிப் பிஸ்டனை மறிப்பது, வந்ததும்தான் மூன்று நாளாக அடிதடி. இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த ஒன்றில் என் இன்ஜினே போயிருக்க வேண்டியது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடலாம்.

> ஸ்போர்ட் டூரிங் பைக் = விளையாட்டுச் சுற்றுலா உந்துருளி

இதைப் படித்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப்போகும் வேன்தான் கண்ணில் வந்தது. ஸ்போர்ட் என்றால் இங்கே விளையாட்டு இல்லை, வளைவில் நன்றாகச் சாய்த்து வேகமாக ஓட்டலாம் என்று பொருள். டூரிங் என்பதும் சுற்றுலா இல்லை. ஒரே நாளில் அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் போய் இறங்கினாலும் முதுகு நிமிரும், அவ்வளவுதான். 1976-இல் பி.எம்.டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வந்தபோது, காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்த முழு முகப்போடு வந்தது. ஓட்டுபவர் நெஞ்சில் காற்று அறையாமல் நாள் முழுக்க வேகமாகப் போகலாம் என்பதே அதன் பெருமை. பிறகு கவாசாகி கான்கோர்ஸ் 1986 முதல் 2006 வரை, ஹோண்டா எஸ்டி1100 1990 முதல் 2002 வரை. இரண்டுமே 28 லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் பிடிக்கும், இரண்டிலும் செயினுக்குப் பதில் சுழல்தண்டு. 'நெடுந்தூர விரைவு வண்டி' என்று ஒருவர் தந்தது பொருளில் சரிதான். ஆனால் கேட்பவர் கிளாம்பாக்கத்தில் எத்தனையாவது நடைமேடை என்று கேட்டுவிடுவார். 'நெடுவிரைவி' இருக்கட்டும். இதைவிட நல்லது வரும்வரை அதற்கே என் ஓட்டு.

சரி, ஹைட்ரோலாக்.

> நீர்ப்பூட்டு என்றே வைக்கலாம். ஹைட்ரோ = நீர், லாக் = பூட்டு. இதில் என்ன சிக்கல்?

இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது ஐயா. அதைச் சொல்வதற்கு முன் நடப்பது என்னவென்று பார்ப்போம்.

பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் இருக்கும் காற்றை அமுக்குகிறது. காற்று அமுங்கும். அதே இடத்தில் காற்றுக்குப் பதில் பெட்ரோலோ தண்ணீரோ நின்றால் அது அமுங்காது. ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 250 மில்லி. பத்து மடங்கு அமுக்கும் இன்ஜின் என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேலே மிஞ்சும் இடம் 28 மில்லிதான். இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி கூட வராது. அதற்கு மேல் பெட்ரோல் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட்டரை அமுக்கினால், பிஸ்டன் பாதி வழியில் நின்றுவிடும். ஸ்டார்ட்டர் விடாமல் தள்ளினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும்.

பெட்ரோல் எப்படி அங்கே போகும்? அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் டேப்பைக் கையால் திருப்பி மூட வேண்டியதில்லை. இன்ஜின் ஓடும்போது அது உறிஞ்சும் உறிஞ்சலில் ஒரு ரப்பர் சவ்வு விலகி வழி விடும், நின்றால் மூடிக்கொள்ளும். இருபது இருபத்தைந்து வயதான ரப்பர் சரியாக மூடாது. அதற்கடுத்த காவல், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் இருக்கும் மிதவை ஊசி. அதிலும் ஒரு துளி அழுக்கு உட்கார்ந்தால், டேங்கில் இருப்பது சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்குமே, பெரும்பாலும் இடக்கோடி சிலிண்டர்தான் நிறையும். 2001-இல் வந்த யமஹா எஃப்ஜேஆர்1300 போல எரிபொருள் பீய்ச்சும் முறை வந்த பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் நம் நண்பர் கட்டுரை எழுதுவது அதற்கு முந்தைய வண்டிகளுக்கும் சேர்த்துத்தானே.

இப்போது என் கதை. நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகனில். பனிக்காலத்துக்காக இங்கே நவம்பரில் மூடி வைத்த வண்டி ஏப்ரலில்தான் வெளிச்சம் பார்க்கும். முந்தின கோடையில் வாங்கியது, 1990களின் வண்டி. பெயர் வேண்டாம், வண்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. வாங்கும்போது டயரில் இருந்த நாலு இலக்கத்தைப் படித்து எந்த ஆண்டு, எத்தனையாவது வாரம் செய்தது என்று பார்த்தேன். பிரேக் ஆயில் காப்பித்தண்ணி நிறத்தில் இருப்பதைச் சொல்லி விலையைக் குறைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. பெட்ரோல் டேப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை சுவிட்சை அமுக்கினேன். 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து, காரை அருகில் கொண்டுவந்து கேபிளை எடுத்தேன். அப்போது மாமா வீடியோ அழைப்பில் இருந்தார். கோபிசெட்டிபாளையம் பக்கம் ஊரூராகப் போய் ஆயில் இன்ஜின் பழுது பார்த்தவர், இப்போது ஓய்வு. இன்னொரு தடவை அமுக்கச் சொல்லிக் கேட்டார். அதே 'டொக்'.

"மாப்ள, அது பேட்டரி சத்தம் இல்ல. உள்ள எதுலயோ முட்டுது. கேபிளக் கீழ வை."

வைத்தேன். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொன்னார். இடக்கோடி ஓட்டைக்கு நேராகப் பழைய துண்டைப் போட்டுவிட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டாப் கியரில் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். பெட்ரோல் கொப்பளித்து வந்தது. துண்டு நனைந்து தரையிலும் ஓடியது. (ஸ்டார்ட்டர் போட்டு வெளியேற்றுபவர்களும் உண்டு. தீப்பொறி ஒன்று போதும், செய்யாதீர்கள்.) அப்புறம் ஒரு மூங்கில் குச்சியைப் பிளக் ஓட்டையில் விட்டு, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து குச்சியில் பேனாவால் கோடு போட்டேன். ராட் வளைந்திருந்தால் அந்தப் பிஸ்டன் முழு உயரம் ஏறாது, கோடு மாறும். நாலு கோடும் ஒரே இடத்தில் விழுந்தன. நோஞ்சான் பேட்டரி காப்பாற்றியது. கார் பேட்டரியை இணைத்திருந்தால் ராட் போயிருக்கும்.

இவ்வளவும் எழுதியது 'முட்டுது' என்ற அந்த ஒரு சொல்லுக்காக. மாமா ஹைட்ரோலாக் என்ற பெயரைக் கேட்டதே இல்லை. ஆயில் இன்ஜினில் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு போய்த் தண்ணீர் உள்ளே இறங்கினால், ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது பாதியில் கை நிற்கும். அவர் கைக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

இனி பூட்டு ஏன் வேண்டாம் என்பது. பூட்டு என்றால் நாமாகப் போடுவது, சாவி இருக்கும், திறக்கலாம். பைக்காரரிடம் பூட்டு என்றால் சைடு லாக்கைத்தான் நினைப்பார். இன்னொன்று, பட்டியலில் ஐந்து வரி தள்ளி வேப்பர் லாக் இருக்கிறது. அதற்கு 'ஆவிப்பூட்டு' என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது, இன்ஜினுக்குத் தீனி போவதில்லை. இங்கே தீனி அளவுக்கு மீறி உள்ளே நிற்கிறது. ஆங்கிலக்காரர் இரண்டுக்கும் லாக் என்றார் என்பதற்காக நாமும் இரண்டையும் ஒரே பூட்டில் மாட்ட வேண்டுமா? அதை 'ஆவியடைப்பு' என்போம். இதை முட்டு என்போம்.

நீர் ஏன் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். பைக்கில் முட்டுவது பெட்ரோல். அதே சமயம் 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நின்ற காரைத் தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தவர்களுக்கு முட்டியது தண்ணீர். இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'நீர்மம்' வேண்டும். இரண்டாவது காரணம், 'நீர் முட்டுது' என்று தமிழில் சொன்னால் கேட்பவர் கழிப்பறைக்கு வழி காட்டுவார். சிரிப்பதற்குச் சொல்லவில்லை. வகுப்பில் வாத்தியார் இந்தச் சொல்லைச் சொல்லும் நாளை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே 'நீர்மமுட்டு'. திரவமுட்டு என்றாலும் எனக்குச் சண்டை இல்லை, இலங்கை நண்பர்களுக்கு அதுவே இணக்கமாக இருக்கலாம். மகரம் இரண்டு அடுத்தடுத்து வந்து நாக்கில் ஒட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டறையில் எப்படியும் வெறும் 'முட்டு' என்றுதான் சுருங்கும், சுருங்கட்டும்.

> முட்டு என்றால் இன்ஜின் நாக்கிங்கோடு குழம்பாதா?

குழம்பாது என்பது என் எண்ணம். நாக்கிங் ஓடும்போது கேட்பது, அது தட்டல். சூட்டில் பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொள்வதை மெக்கானிக்குகளே 'பிடிச்சிருச்சு' என்கிறார்கள். தட்டுகிறது, பிடித்துவிட்டது, முட்டுகிறது. மூன்றும் மூன்று வேறு நோய், மூன்றும் வினையாகவும் நிற்கின்றன. 'இன்ஜின் முட்டியிருக்கிறதா என்று பாருங்கள்' என்று கட்டுரையில் இயல்பாக எழுதலாம். 'நீர்ப்பூட்டியிருக்கிறதா' என்று எழுத முடியுமா?

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். வண்டி பார்க்கப் போனால் ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்றாலோ டேப் கசிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். எனக்கு ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது கையால் திருப்பும் சாதாரண டேப் போட்டிருக்கிறேன், இறங்கியதும் மூடுகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. ஹேண்டில் பாதியில் நிற்பதற்குத் தஞ்சாவூர்ப் பக்கம், நெல்லைப் பக்கம், யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மிசின்காரரிடம் என்ன சொல் இருக்கிறது? உங்கள் வீட்டில் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். 'முட்டு' என்பதைவிட நல்லதாக இருந்தால் என் சொல்லை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து