22 பேர் எழுதிய பத்தாம் வகுப்பில் 86 சதவீதம்: எப்படிப் பார்ப்பது?

கேள்வி (மேலாண்மைக் குழு உறுப்பினர்): எங்களுடையது கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. மூன்று ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி: 18க்கு 18, 21க்கு 20, இந்த ஆண்டு 22க்கு 19. சதவீதம் 100இலிருந்து 86க்கு வந்துவிட்டது என்று கூட்டத்தில் ஒரே சத்தம். ஆண்/பெண், வகுப்புவாரியாக (அதாவது சாதிப் பிரிவுவாரியாக) பிரித்து அறிக்கை வைக்கச் சொல்கிறார்கள். எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில் (கரும்பலகை என்ற பெயரில்): 22 பேரில் ஒருவர் தவறினாலே நாலரை சதவீதம் போய்விடும். மூன்று ஆண்டையும் கூட்டுங்கள்: 61க்கு 57, அதாவது 93. அதைவிட முக்கியம், எந்த எண்ணால் வகுக்கிறீர்கள் என்பது. ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாத வருகைப் பதிவேட்டை எடுத்து, பத்தாம் வகுப்பு நாமினல் ரோலோடு (தேர்வு எழுதுவோர் பெயர்ப்பட்டியல்) பெயர் பெயராக ஒப்பிடுங்கள். அங்கே 26 பெயர் இருந்தால் மீதி நாலு பேர் எங்கே? வேறு பள்ளியா, எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில், பள்ளியை விட்டவர்கள் வேறு பள்ளியில் சேரும்வரை நிற்கும் காமன் பூலில் கிடக்கிறார்களா, பள்ளி வழியாக இல்லாமல் தனித்தேர்வராக எழுதிக்கொள் என்று டி.சி. கையில் கொடுத்து அனுப்பியதா? நூற்றுக்கு நூறு வந்த ஆண்டுக்கும் இதைச் செய்து பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

எமிஸ்காரன்: வகுப்புவாரிப் பட்டியலை வெளியே ஒட்டாதீர்கள். எஸ்.சி., எஸ்.சி.ஏ. (அருந்ததியர்), எஸ்.டி., எம்.பி.சி., பி.சி., பி.சி.எம். (முஸ்லிம்) என்று 22 பேரைப் பிரித்தால் சில கட்டத்தில் ஒரே ஒரு பிள்ளை நிற்கும். ஊரில் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைந்த கட்டங்களை எழுதவே வேண்டாம். பதிவிலும் பிழை இருக்கும்: கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதிக் குடும்பத்துப் பிள்ளை தமிழ்நாட்டுப் பட்டியலில் பி.சி.; எமிஸில் எஸ்.சி. என்றே ஏற்றியிருப்பார்கள். சாதிச் சான்றிதழைப் பார்த்துத் திருத்துங்கள். என்னைக் கேட்டால் சாதிக் கட்டத்தைவிட வருகை நாட்கள், பஸ் தூரம், வீட்டில் முதல் முறை பத்தாவது எழுதுவது யார், பெற்றோர் வேலைக்கு வெளியூர் போன மாதங்கள், இவைதான் பேசும்.

கணக்கு டீச்சர்: தவறிய மூவரும் எந்தப் பாடத்தில் தவறினார்கள் என்று சொல்லவே இல்லையே! கணக்கு என்றால் வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினா 14, வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8. இதுவே 30. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் வினா சரியாகப் போட்டால் 35ஐத் தாண்டலாம். அரையாண்டு விடைத்தாளில் அந்த 16 மதிப்பெண் பக்கம் காலியாக இருந்தால் கோளாறு அங்கேதான். பாதிப் பேர் காம்பஸ் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அறிவியல் என்றால் எழுத்துத் தேர்வில் 75க்கு 20, செய்முறையில் 25க்கு 15 வேண்டும். செய்முறையில் 25 வாங்கியவரும் எழுத்தில் 18 எடுத்தால் தேர்ச்சி இல்லை. 35க்கும் 40க்கும் நடுவில் தப்பியவர்களையும் எண்ணுங்கள், அடுத்த ஆண்டு நிலவரம் அதில் தெரியும். மூன்று பேரும் துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்தாயிற்றா? அறிக்கை ஒரு வாரம் தாமதமாகலாம், அது ஆகாது.